ஒட்டக்காவும் 'வரும்' என்ற வார்த்தையும்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை ஒட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு திரையில் நகலெடுத்து இன்னொரு திரையில் ஒட்டுவதையே பிழைப்பாக வைத்திருப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வண்டிக்காரர் உற்சாகமாக இருக்கும் நாட்களில் அதை இன்னும் கொஞ்சம் நீட்டி, "என்ன ஒட்டகமே, ஷீட்டு ரெடியா?" என்பார். "ரெடிதான், முதுகுல ஏறி உட்காராம எடுத்துட்டுப் போங்க" என்பாள் அவள். இரண்டு பேருக்கும் இதில் சலிப்பே வந்ததில்லை.

அது, வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்குச் சாமான்களை இரவல் கொடுக்கும் நிலையம். சக்கர நாற்காலி, பிடித்து நடக்கும் வாக்கர், தலைமாட்டை உயர்த்தித் தாழ்த்தும் கட்டில் என்று கிடங்கு நிறைய இருக்கும். யாருக்கு என்ன வேண்டும், எது போனது, எதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதெல்லாம் தரவுத்தளத்தில் ஏறும். முன்மேசைப் பெண்ணும் கிடங்கு அண்ணனும் அதில் எழுதுவார்கள். வண்டிக்காரருக்கு அந்த மென்பொருள் சுத்தமாக ஆகாது. அவர் போனில் விரிதாளைத்தான் திறப்பார். அதில் 'கொண்டுபோக' என்று ஒரு தாள், 'எடுத்துவர' என்று ஒரு தாள். தரவுத்தளத்துக்கும் விரிதாளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் இருந்து இதை அங்கே சொன்னவள் ஒட்டக்காதான்.

வேலை ஒன்றும் கடினமில்லை. நேரம்தான் கெட்ட நேரம். மாலையில் வண்டி திரும்பி, கிடங்கு அண்ணன் ஒவ்வொரு சாமானாகப் பார்த்து, ஒரே விரலால் நிதானமாகத் தட்டி முடித்த பிறகுதான் அவளுக்கு ஒட்டவே எதுவும் இருக்கும். மற்றவர்கள் பையைத் தோளில் மாட்டும்போது அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருவாள். காலையில் வண்டி கிளம்புவதற்குள் தாள் தயாராக இருக்க வேண்டுமே! அவள் வீட்டுக்குப் போகும்போது தெருவிளக்கெல்லாம் எரிய ஆரம்பித்திருக்கும்.

அதில்தான் வந்தது வினை. அவள் கணவர் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு பார்ப்பவர். ஊர் தூங்கும்போது அவருக்கு வேலை. அவள் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரம் அவர் வேறொரு பஸ்ஸில் ஏறியிருப்பார். காலையில் அவர் கதவைத் திறந்து உள்ளே வருவார், அவள் தலையைப் பின்னிக்கொண்டே வெளியே ஓடுவாள். வாரத்தில் ஒரு நாள் இருவருக்கும் விடுமுறைதான். ஆனால் அதில் பாதியை அவர் தூங்கித் தீர்ப்பார், மீதியை அவள் துவைத்துத் தீர்ப்பாள். சண்டை போடக்கூட நேரம் இல்லாத குடும்பம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மகள் வீட்டில் இருந்தவரை இது தெரியவில்லை. "அப்பா, அம்மா கேஸ் தீரப்போகுதுன்னு சொல்லச் சொன்னாங்க." "அம்மா, அப்பாவுக்கு முழங்கால் வலியாம், தைலம் எங்கேன்னு கேட்டாரு." இப்படி நடுவில் நின்று ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஒப்படைத்துக்கொண்டே இருந்தாள். மேல்படிப்புக்கு அவள் வேறு ஊர் போனதும் வீடு வாயடைத்துப் போனது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சீட்டுகள் ஒட்ட ஆரம்பித்தார்கள். 'பால் இருக்கு.' 'குழாய் ரிப்பேர்காரர் நாளைக்கு வருவார்.' ஒருநாள் ஒட்டக்கா அந்தக் கதவின் முன் நின்று எல்லாச் சீட்டுகளையும் ஒன்றுவிடாமல் படித்தாள். இவ்வளவு காலம் வாழ்ந்த மனிதரோடு இப்படிப் பாலையும் குழாயையும் பற்றி மட்டும் பேசியே முடிந்துவிடுமா? அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அவர் கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு டீ குடிக்க வேண்டும், எதிரெதிரே உட்கார்ந்து. அவ்வளவுதான்.

வழி காட்டியது, போனில் குரலாக மட்டுமே தெரிந்த ஒரு மருத்துவமனை எழுத்தர். "இன்னுமா கையால ஒட்டுறீங்க? நாங்க எல்லாத்தையும் கோத்து விட்டுட்டோம்ங்க. கோடிங் எதுவும் எழுத வேணாம். பெட்டி பெட்டியா இருக்கும், இழுத்து வெச்சு அம்புக்குறி போட்டா போதும். இங்க புது வரி வந்தா அங்க தானா போய் விழும்."

ஒட்டக்கா அன்றைக்கே மேலாளர் அறைக்குப் போனாள். மேலாளர் எதற்கும் சட்டென்று 'சரி' சொல்லிவிடமாட்டார். 'வேண்டாம்' என்றும் சொல்லமாட்டார். பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடிவிட்டுக் கேட்டார். "இது தரவுத்தளத்துல எதையாவது அழிச்சிடாதே?"

"படிக்க மட்டும்தான் மேடம் அனுமதி வாங்கப்போறேன். அதுல கை வைக்க முடியாது."

"வண்டி தப்பான வீட்டுக்குப் போயிடாதே?"

"போகாது மேடம்" என்றாள் ஒட்டக்கா. இந்த உலகத்தில் யாரும் இவ்வளவு உறுதியாக ஒரு பொய்யைத் தெரியாமல் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சாப்பாட்டு வேளைகளில் அவள் கற்றுக்கொண்டாள். ஒரு கையில் ரொட்டித் துண்டு, மறுகையில் மவுஸ். முதல் பெட்டி: தரவுத்தளத்தில் ஒரு வரி புதிதாக வந்தாலோ மாறினாலோ விழித்துக்கொள். இரண்டாவது பெட்டி: 'நிலை' என்ற கட்டத்தைப் பார். மூன்றாவது இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். நிலையில் 'வேண்டும்' என்ற வார்த்தை இருந்தால் 'கொண்டுபோக' தாளில் சேர். 'வரும்' என்ற வார்த்தை இருந்தால் 'எடுத்துவர' தாளில் சேர். ஏனென்றால் ஒரு வீட்டிலிருந்து, "எங்களுக்கு இனிமே தேவையில்லைங்க, எடுத்துக்கலாம்" என்று போன் வந்தால், முன்மேசைப் பெண் 'வரும்' என்றுதான் எழுதுவாள். மற்ற எதுவாக இருந்தாலும் சும்மா இரு.

சோதித்துப் பார்க்க ஒரு வரி வேண்டுமே என்று பெயர்க் கட்டத்தில் 'சோதனை' என்றும், தெருக் கட்டத்தில் 'இல்லாத தெரு' என்றும், சாமான் கட்டத்தில் 'வாக்கர்' என்றும், நிலைக் கட்டத்தில் 'வேண்டும்' என்றும் எழுதச் சொல்லி முன்மேசைப் பெண்ணிடம் கேட்டாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் அது விரிதாளில் வந்து உட்கார்ந்தது. ஒட்டக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். யாரும் தொடாமல் எழுத்து வந்து விழுவதைப் பார்க்க அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தச் சந்தோஷத்தில் வரியை அழிக்க மறந்து போனாள். சற்று நேரத்தில் கிடங்கு அண்ணன் ஒரு வாக்கரைத் துடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா, இந்தச் சோதனைங்கிறவர் ஆம்பளையா பொம்பளையா? உயரம் சரிபண்ணணும்."

"அண்ணே, அது ஆளே இல்லண்ணே, சும்மா சோதனை."

"ஆளில்லாதவருக்கு எதுக்கும்மா வாக்கர்?" என்று கேட்டுவிட்டு அவர் திரும்பிப் போனார். முன்மேசைப் பெண் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தாள்.

மறுநாள் மாலை, ஒட்டக்கா எல்லாவற்றையும் ஓடவிட்டுவிட்டு, மனம் கேட்காமல் ஒருமுறை தாள்களை எட்டிப் பார்த்தாள். நிறைய வரிகள் விழுந்திருந்தன. 'அட, எவ்வளவு வேகம்!' என்று பூரித்துப் போனாளே தவிர, என்ன விழுந்திருக்கிறது என்று படிக்கவில்லை. வீட்டுக்குக் கிளம்பலாமா என்று நினைத்தாள். முதல் நாளே கிளம்பினால் கண் பட்டுவிடும் என்று வழக்கமான நேரம்வரை உட்கார்ந்திருந்தாள். நாளையிலிருந்து சீக்கிரம் போகலாம்.

காலையில் அவள் கைப்பையை வைப்பதற்குள் வண்டிக்காரரின் போன்.

"அக்கா, கட்டிலை எடுக்கச் சொல்லி வந்திருக்கு. வந்துட்டேன். ஆனா கட்டில்ல ஒரு பெரியவர் படுத்திருக்காரு."

"எந்தக் கட்டிலு?"

"நேத்து நானே கொண்டாந்து போட்டேனே, அதே கட்டிலு! அவங்க மருமக வாசலை மறிச்சுக்கிட்டு நிக்குறாங்க. 'நேத்துதான் கொடுத்தீங்க, அதுக்குள்ள பிடுங்கவா'ன்னு கேக்குறாங்க. பெரியவர் வேற, 'நான் இன்னும் போகலப்பா'ன்னு சொல்லிச் சிரிக்கிறாரு. நான் என்னக்கா பண்ணட்டும், கட்டிலோட அவரையும் தூக்கிட்டு வரவா?"

ஒட்டக்கா பையைக் கீழே போட்டாள். தாளைத் திறந்தாள். முந்தைய நாள் வெளியே போன அத்தனை சாமான்களும் 'எடுத்துவர' தாளில் வரிசையாக நின்றன. நிலைக் கட்டத்தில் கிடங்கு அண்ணனின் கைவண்ணம்: 'போயிட்டு வரும்.' அடுத்த வரி, 'போயிட்டு வரும்.' அதற்கடுத்ததும் அதேதான்.

அண்ணன் எப்போதுமே அப்படித்தான் எழுதுவார்! அவளுக்கு அது தெரியும். தெரியும் என்பதே தெரியாத அளவுக்குத் தெரியும். கையால் ஒட்டிய காலத்தில் அவள் கண் அந்த வரிகளைத் தாண்டிக்கொண்டே போகும். 'இது போனது, விட்டுவிடு' என்று கை தானாக நகரும். அம்புக்குறிக்கு அந்த விவரம் எங்கே தெரியும்? 'வரும்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று கேட்டாள், இருக்கிறது என்றது. அதன் மேல் என்ன தப்பு?

நேரே கிடங்குக்கு ஓடினாள். "அண்ணே, சாமான் வெளிய போனா 'போச்சு'ன்னு எழுதக்கூடாதா?"

அவர் ஒரு சக்கர நாற்காலியின் சக்கரத்தில் சிக்கியிருந்த முடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்த பார்வையில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. "என்னம்மா இப்படிக் கேட்டுட்டே? முடியாதவங்க வீட்டுக்குப் போற சாமான். அதுல போய் 'போச்சு'ன்னு எழுதவா? வாயால சொல்லவே நாக்கு வராது. அந்த மனுஷர் எந்திரிச்சு நடந்தாருன்னா சாமான் தானா திரும்பி வரும். அதான் எழுதறேன்."

அவர் சொன்னதில் தப்பு இருந்ததாக ஒட்டக்காவுக்குத் தெரியவில்லை.

மேலாளர் பேனாவை மூடினார், திறக்கவில்லை. "அந்த வீட்டுக்கு நானே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் நல்ல மனுஷர், தமாஷா எடுத்துக்கிட்டார். எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்க. இந்த வாரம் முடியறவரைக்கும் பாருங்க. இன்னொரு தடவை ஒரு வீட்டு வாசல்ல நம்ம வண்டி அசிங்கப்பட்டுச்சுன்னா, பழையபடி கையாலயே ஒட்டிக்கலாம்."

பழையபடி என்றால் பழையபடிதான்: தெருவிளக்கு, காலி வீடு, குளிர்சாதனப் பெட்டிக் கதவு. ஒட்டக்காவுக்கு அழுகை வந்தது. அழுதால் வேலை ஆகாது என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

வழி சுலபமாகத்தான் தெரிந்தது. 'வரும்' என்று இருக்க வேண்டும், ஆனால் 'போ' என்ற எழுத்து இருக்கக் கூடாது. கூடவே இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தாள். அண்ணனின் வரிகள் எல்லாம் ஒதுங்கிக்கொண்டன. அன்று மாலை ஒன்றுக்கு இரண்டு முறை ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்தாள், எல்லாம் சரி. மறுநாளும் சரி. அதற்கு மறுநாள் முன்மேசைப் பெண் கேட்டாள், "அக்கா, மாடி வீட்டு அம்மாவோட சக்கர நாற்காலியை ஏன் இன்னும் எடுக்கலையாம்? நடைபாதையை அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க."

தேடினால் தாளில் அது இல்லவே இல்லை. தரவுத்தளத்தில் பார்த்தாள். முன்மேசைப் பெண் அக்கறையாக எழுதியிருந்தாள்: 'போன் பண்ணிட்டுப் போனா வரும்.'

ஒட்டக்கா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்க வந்தது. நல்லவேளை, இந்த முறை வண்டி எந்த வாசலிலும் அசிங்கப்படவில்லை, போகவே இல்லை, அவ்வளவுதான். மாடி வீட்டு அம்மாவை அவளே கூப்பிட்டுப் பேசினாள். வண்டிக்காரர் போகிற வழியில் எடுத்துக்கொண்டார்.

போவதையும் வருவதையும் பிரித்துச் சொல்லாத ஜனங்களிடம் வந்து அம்புக்குறியைக் காட்டி என்ன பிரயோசனம்? நாமெல்லாம் கடைக்குக் கிளம்பினாலும் 'வரேன்' என்றுதான் சொல்வோம். 'இதோ வரேன்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். நிபந்தனைமேல் நிபந்தனை போட்டுக்கொண்டே இருந்தால் இன்னொரு 'போ', இன்னொரு 'வா' எங்கிருந்தாவது முளைத்துக்கொண்டேதான் இருக்கும் என்று ஒட்டக்காவுக்குப் புரிந்தது. பெட்டிகளை விட்டுவிட்டு, ஆட்களிடம் போனாள்.

டீ நேரத்தில் கிடங்கு அண்ணனையும் முன்மேசைப் பெண்ணையும் உட்காரவைத்தாள். நிலைக் கட்டத்தில் இனி யாரும் தட்டவே வேண்டாம். தொட்டால் விரியும் பட்டியல் ஒன்று வைக்கச் சொல்லப்போகிறேன், அதிலிருந்து ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்றாள். ஒரே விரலால் தட்டும் அண்ணனின் முகம் அதைக் கேட்டு லேசாக மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"அதுல எனக்கு என்ன வார்த்தை வைப்பே? 'வெளியே'ன்னு எல்லாம் வைக்காத. ஆளை வெளிய தள்ளுற மாதிரி இருக்கு."

"உங்க வார்த்தைதாண்ணே. 'போயிட்டு வரும்.' அப்படியே இருக்கும்."

"அப்போ சரி."

"நீதான் மாறணும்" என்று முன்மேசைப் பெண்ணிடம் திரும்பினாள். "இனிமே உனக்கு 'வரும்' கிடையாது. 'எடுக்கணும்.' போன் பண்ணிட்டுப் போகணும், மாடிப்படி குறுகல், நாய் இருக்கு, எல்லாத்தையும் பக்கத்துல குறிப்புக் கட்டத்துல எவ்வளவு வேணா எழுது."

"எனக்கென்னக்கா, 'எடுக்கணும்'னா 'எடுக்கணும்'. அண்ணன் மாதிரி நான் என்ன வார்த்தையையா கல்யாணம் பண்ணிக்கிட்டேன்?"

அண்ணன் டீயைக் கொட்டிக்கொள்ளாமல் சிரித்தார். தரவுத்தளத்தைப் பராமரிக்கும் நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து பட்டியலை வைத்துக் கொடுத்தார். ஒட்டக்கா நிபந்தனைகளை எல்லாம் அழித்துவிட்டு இரண்டே இரண்டு போட்டாள்: நிலை 'வேண்டும்' என்று மட்டுமே இருந்தால் இங்கே, 'எடுக்கணும்' என்று மட்டுமே இருந்தால் அங்கே. வாரக் கடைசியில் மேலாளர் வண்டிக்காரரை அழைத்து, "எப்படிப் போகுது?" என்று கேட்டார். "இப்பல்லாம் படுத்திருக்கிற ஆளை எழுப்புறதில்லைங்க" என்றார் அவர். மேலாளர் ஒட்டக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். "நீங்க இனிமே எல்லாரோடயும் கிளம்பலாம்."

அந்த நேரத்துப் பஸ்ஸில் அவள் ஏறியதே இல்லை. கூட்டம் நெரிந்தது, யாரோ காலை மிதித்தார்கள், அவளுக்குக் கோபமே வரவில்லை. வெயில் சாயாத வெளிச்சத்தில் தன் தெரு இப்படி இருக்குமா என்று பார்த்துக்கொண்டே நடந்தாள். கணவரிடம் முன்னால் சொல்லிவிட்டு வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

கதவைத் திறந்தபோது உள்ளே பாட்டுச் சத்தம். வானொலி என்று நினைத்தாள். இல்லை. சமையலறையில், பனியனும் வேட்டியுமாக நின்று, டீ வடிகட்டியபடி அவர்தான் பாடிக்கொண்டிருந்தார். தாளத்துக்குக் கரண்டி. குரல் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை. அவளைக் கண்டதும் கரண்டி நின்றது.

"என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். வேலை முடிஞ்சிடுச்சு, வந்துட்டேன். இனிமே தினமும் இந்த நேரம்தான்."

அவர் நம்பாமல் அவளைப் பார்த்தார். கையை நீட்டி நெற்றியைத் தொட்டே பார்த்துவிட்டார். பிறகு இன்னொரு கோப்பையை எடுத்து, இருந்த டீயை இரண்டாகப் பகிர்ந்தார். இந்த ஒரு வேலையாவது நான் செய்கிறேன் என்று ஒட்டக்கா முந்திக்கொண்டு, இரண்டிலும் தாராளமாகச் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் கட்டில் பெரியவர் கதையைச் சொன்னாள். "நான் இன்னும் போகலப்பா" வந்ததும் அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டீயைச் சொட்டு விடாமல் குடித்தார்.

கோப்பைகளைக் கழுவி வைக்கும்போதுதான் சர்க்கரை டப்பா விஷயம் அவளுக்கு உறைத்தது. சற்றுமுன் அவள் அதை எடுக்கக் கையை நீட்டியபோது, காலையில் அவள் வைத்த இடத்தில், மூடியை லேசாகச் சாய்த்து வைத்தபடி, அப்படியே இருந்தது. இவர் டீ போட எடுத்த தடயமே இல்லை.

"ஏங்க, நீங்க டீக்குச் சர்க்கரை போடறதில்லையா?"

"விட்டு ரொம்ப நாளாச்சு."

"ரொம்ப நாள்னா?"

"பாப்பா படிக்கப் போனப்பவே. டாக்டர் குறைச்சுக்கச் சொன்னாரு. முழுசா விட்டுட்டேன்."

"இப்போ குடிச்சீங்களே!"

"நீ போட்டுக் கொடுத்தே. எப்படி வேணாங்கிறது?"

அவளுக்குச் சுருக்கென்றது. கைத்துணியை முறுக்கிக்கொண்டே நின்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்போ சொல்றது?" அவர் குரலில் குறை ஒன்றும் இல்லை; நிஜமாகவே கேட்டார். "சீட்டுல எழுதி ஒட்டவா? நீ பயந்துக்குவே. அங்கயே உட்கார்ந்து நெட்ல தேட ஆரம்பிச்சிடுவே."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் குனிந்து ஷூவின் நாடாவைக் கட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ரொட்டி அடுப்பு யாருக்காகவும் காத்திருக்காது. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாள்கூட அந்தப் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. தொழிற்சாலையில் அவரைப் பார்த்துத்தான் கடிகாரத்தைச் சரி செய்வார்கள் என்று பேச்சு.

"இன்னும் என்னென்ன விட்டிருக்கீங்க?" என்று கேட்டாள் ஒட்டக்கா. கேலியாகத்தான் கேட்க நினைத்தாள். குரல் ஒத்துழைக்கவில்லை.

அவர் நாடாவைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, "அடுத்த பஸ்ல வரேன்ப்பா, அடுப்பை நீ பத்த வெச்சிடு" என்று யாரிடமோ சொன்னார். ஒரு காலில் ஷூவோடு உள்ளே வந்து, அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"முதல்ல, நீ வாங்கிக் கொடுத்த அந்த நீலச் சட்டை" என்றார். "அதைப் போடறதை விட்டுட்டேன். அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."